பாதி சீசனில் முதலிடம் யாருக்கு? அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தரவரிசைக் குழப்பம்

2025 ஆகஸ்டில் சீசன் தொடங்கும் முன்பே டெக்சாஸ் பல்கலைக்கழக அணியை நாட்டின் முதல் அணி என்று தரவரிசைப் பட்டியல் சொன்னது. அக்டோபர் 5ஆம் தேதி வந்த பட்டியலில் முதல் 25 இடங்களில் எங்கேயும் டெக்சாஸ் இல்லை. அதற்கு அடுத்த சனிக்கிழமையே அதே டெக்சாஸ், 6ஆம் இடத்தில் இருந்த ஓக்லஹோமாவை 23-6 என்று அடித்துப்போட்டது. இதைப் புதிதாகப் பார்க்கிறவருக்கு ஒரே கேள்விதான் வரும்: இந்தப் பட்டியலுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா, இல்லை வாரம் ஒருமுறை யாரோ சீட்டுக் குலுக்கிப் போடுகிறார்களா?

அர்த்தம் இருக்கிறது. ஆனால் அது எதற்கான பட்டியல், எந்த நேரத்தில் எவ்வளவு நம்பலாம் என்பதைப் படிப்படியாகப் பார்த்தால்தான் பிடிபடும். நாம் பேசுவது ஹெல்மெட் போட்டு, நீள்வட்டப் பந்தோடு ஆடும் அமெரிக்கக் கால்பந்து என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பட்டியல் ஏன் தேவைப்படுகிறது

ஐபிஎல்லில் 10 அணிகள், ஆளுக்கு 14 ஆட்டம், வெற்றிக்கு 2 புள்ளி. கூட்டிப் பார்த்தால் யார் எங்கே என்று தெரிந்துவிடும், யாரும் உட்கார்ந்து விவாதிக்க வேண்டியதில்லை.

கல்லூரிக் கால்பந்தில் அது நடக்காது. 2025 சீசனில் மேல்மட்டப் பிரிவான எஃப்பிஎஸ்ஸில் 136 அணிகள். ஒவ்வொன்றும் வழக்கமான சீசனில் ஆடுவது 12 ஆட்டம் மட்டுமே. 136 அணிகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 9,180 ஜோடிகள் வரும். நடக்கும் ஆட்டங்களோ அதிகபட்சம் 816. அதாவது நூறு ஜோடிகளில் தொண்ணூறுக்கும் மேல் நேருக்கு நேர் சந்திப்பதே இல்லை.

ஒரே கான்பரன்ஸுக்குள்ளும் இதே நிலைதான். கான்பரன்ஸ் என்பது தங்களுக்குள் அட்டவணை போட்டு ஆடிக்கொள்ளும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு. உதாரணத்துக்கு ஒன்று: பிக் டென் (பெரிய பத்து) என்று பெயர், இப்போது அதில் இருப்பது 18 அணிகள். ஒவ்வொரு அணியும் உள்ளுக்குள் 9 ஆட்டம் ஆடுகிறது, மீதி 8 அணிகளை அந்த வருடம் பார்ப்பதே இல்லை. 2025இல் ஒஹையோ ஸ்டேட்டும் இண்டியானாவும் டிசம்பர் முதல் வாரம்வரை மோதவே இல்லை. இரண்டும் 12-0, அதாவது 12 வெற்றி, தோல்வியே இல்லை என்று வந்து நின்றன.

ஆக, 12-0 என்ற எண்ணை மட்டும் வைத்து வரிசைப்படுத்த முடியாது. யாரைத் தோற்கடித்து வாங்கிய 12 வெற்றி, எங்கே வாங்கிய வெற்றி என்பதை யாரோ ஒருவர் எடைபோட்டாக வேண்டும். அங்கேதான் மனிதக் கருத்து உள்ளே வருகிறது.

யார் போடும் பட்டியல்

இரண்டு பட்டியல்களை மக்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

1. ஏபி பட்டியல். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 1936இலிருந்து நடத்துவது. அறுபதுக்கும் மேற்பட்ட விளையாட்டுச் செய்தியாளர்கள் ஆளுக்கு 25 அணிகளை எழுதித் தருவார்கள். முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாவதுக்கு 24, இப்படியே 25ஆம் இடத்துக்கு 1. கூட்டினால் பட்டியல். ஆகஸ்டிலேயே, ஒரு ஆட்டம்கூட நடக்காத நிலையில், முதல் பட்டியல் வந்துவிடும். பயிற்சியாளர்கள் வாக்களிக்கும் இன்னொரு பட்டியலும் ஏறக்குறைய இதே மாதிரிதான்.

2. தேர்வுக் குழுவின் பட்டியல். பிளேஆஃபுக்கு, அதாவது சாம்பியனைத் தீர்மானிக்கும் நாக்அவுட் சுற்றுக்கு, யார் போவது என்று முடிவு செய்வது இது ஒன்றுதான். வாரக்கணக்கில் ஆட்டங்களைப் பார்த்துவிட்டு, அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோதான் முதல் பட்டியலை வெளியிடுவார்கள். அப்புறம் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை இரவுகளில் வரும். கடைசிப் பட்டியல் டிசம்பர் முதல் வார இறுதியில், கான்பரன்ஸ் இறுதி ஆட்டங்கள் முடிந்த மறுநாள்.

எனவே செப்டம்பர், அக்டோபரில் டிவியில் அணிப் பெயருக்குப் பக்கத்தில் தெரிகிற சின்ன எண் ஏபி எண். அதிகாரபூர்வமாக அதற்கு எந்தப் பலமும் இல்லை. ஆனால் பாதி சீசன் முழுக்க எல்லோரும் அந்த எண்ணை வைத்தே பேசுகிறார்கள், எந்த வெற்றி பெரிய வெற்றி என்பதையும் அந்த எண்தான் தீர்மானிக்கிறது. குழு பிறகு வந்து உட்காரும்போது அந்தப் பேச்சு முழுவதும் காற்றில் ஏற்கெனவே இருக்கும்.

ஒரே பட்டியலுக்குள் இரண்டு கேள்விகள்

ரசிகர்கள் மணிக்கணக்கில் சண்டை போடுவதற்குக் காரணம் இதுதான்: இருவரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

முதல் கேள்வி, எது பலமான அணி? நாளைக்கு நடுநிலை மைதானத்தில் இவ்விரண்டும் மோதினால் யார் ஜெயிப்பார்? இது வருங்காலத்தைப் பற்றிய ஊகம்.

இரண்டாவது கேள்வி, எது தகுதியான அணி? இதுவரை யார் அதிகம் சாதித்திருக்கிறார்கள்? இது நடந்து முடிந்ததைப் பற்றிய கணக்கு.

2023 டிசம்பரில் இவ்விரண்டும் நேராக முட்டிக்கொண்டன. புளோரிடா ஸ்டேட் 13-0, ஏசிசி கான்பரன்ஸின் சாம்பியன், ஒரு தோல்வி இல்லை. ஆனால் அதன் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரர்) ஜோர்டன் டிராவிஸ் நவம்பரில் காலில் பலத்த காயத்தோடு வெளியேறியிருந்தார். அப்போது பிளேஆஃபில் 4 இடம்தான். குழு 12-1 என்றிருந்த அலபாமாவை 4ஆவதாக எடுத்து, புளோரிடா ஸ்டேட்டை 5ஆவதாக வெளியே நிறுத்தியது. பல முக்கிய வீரர்கள் ஆடாத நிலையில் அந்த அணி ஆரஞ்சு பவுல் என்ற சீசன் முடிவு ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றது. பார்த்தீர்களா, குழு சொன்னது சரிதான் என்று பலர் அந்த ஸ்கோரைக் காட்டுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. 13 ஆட்டத்தில் 13ஐயும் ஜெயித்தவர்களை அடுத்த ஆட்டத்தில் தோற்பீர்கள் என்று சொல்லி வெளியே அனுப்பலாம் என்றால் ஆட்டம் ஆடுவதே எதற்கு?

என் நிலைப்பாடு இதுதான்: பாதி சீசனில் தரவரிசை போடுகிறவர் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். யாரை, எங்கே, எப்படி ஜெயித்தார்கள் என்பது மட்டும். ஆகஸ்டில் நாம் என்ன நினைத்தோம் என்பது அங்கே வரவே கூடாது.

ஆகஸ்ட் எண் அக்டோபர்வரை ஒட்டிக்கொண்டிருப்பது எப்படி

சீசனுக்கு முந்தைய பட்டியல் எதை வைத்து வருகிறது? போன வருடம் என்ன செய்தார்கள், யார் திரும்பி வருகிறார்கள், பள்ளிகளிலிருந்து யாரைச் சேர்த்தார்கள், பிற கல்லூரிகளிலிருந்து யார் மாறி வந்தார்கள், பல்கலைக்கழகத்தின் பெயர் எவ்வளவு பெரியது. எல்லாம் ஊகம்தான், தப்பில்லை. வாக்காளர்கள் ஒவ்வொரு வாரமும் புதுத்தாளில் எழுதாமல் போன வாரத் தாளைத் திருத்துகிறார்களே, பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. தோற்றால் இறக்குவார்கள், தோற்காதவரை இருந்த இடத்திலேயே விட்டுவிடுவார்கள்.

2025இல் பென் ஸ்டேட்டைப் பாருங்கள். ஆகஸ்டில் 2ஆம் இடம். முதல் மூன்று ஆட்டங்களும் சொந்த மைதானத்தில், நெவாடா, புளோரிடா இன்டர்நேஷனல், கீழ்ப் பிரிவைச் சேர்ந்த வில்லனோவா என்று எளிய எதிரிகளோடு. ஜெயித்தார்கள், அதனால் செப்டம்பர் கடைசியிலும் 3ஆம் இடத்தில் இருந்தார்கள். செப்டம்பர் 27 அன்று ஓரிகன் அங்கே போய் இரண்டு கூடுதல் நேரம் ஆடி 30-24 என்று ஜெயித்தது. நாட்டின் 3ஆவது அணியை அதன் கோட்டையிலேயே வீழ்த்தினார்கள் என்று சொல்லி ஓரிகன் 2ஆம் இடத்துக்கு ஏறியது.

அடுத்த வாரம் பென் ஸ்டேட், அதுவரை 0-4 என்றிருந்த யூசிஎல்ஏவிடம் 42-37 என்று தோற்றது. அதற்கடுத்த வாரம் நார்த்வெஸ்டர்னிடம் சொந்த ஊரில் 22-21. மறுநாள் பயிற்சியாளர் ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் வேலையை இழந்தார். வழக்கமான சீசனை அணி 6-6 என்று முடித்தது.

இப்போது ஓரிகனின் அந்தப் பெரிய வெற்றியைத் திரும்பிப் பாருங்கள். அவர்கள் வென்றது 3ஆவது அணியை இல்லை, 3 என்று ஒரு எண் குத்தப்பட்டிருந்த 6-6 அணியை. எண் ஆகஸ்டில் குத்தியது, அதை வைத்து இன்னொரு அணியின் எண் அக்டோபரில் ஏறுகிறது. ஒரு ஊகத்தின் மேல் இன்னொரு ஊகம் கட்டப்படுகிறது, கீழே இருப்பது சரிந்தாலும் மேலே இருப்பது சில வாரம் அப்படியே நிற்கும்.

இதே மாதிரி எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட்). முதல் வாரத்தில், 4ஆம் இடத்தில் இருந்த கிளெம்சனை 17-10 என்று வென்றதும் எல்எஸ்யூ 9இலிருந்து 3க்குத் தாவியது. கிளெம்சன் 1-3 என்று தடுமாறியது. எல்எஸ்யூ வழக்கமான சீசனை முடித்தது 7-5 என்று.

எண்ணிக்கையில் சொன்னால் இன்னும் தெளிவாகும். 2025 ஆகஸ்ட் ஏபி பட்டியலின் முதல் 10 அணிகளில் பிளேஆஃபுக்குப் போனவை 5 மட்டுமே: ஒஹையோ ஸ்டேட், ஜார்ஜியா, ஓரிகன், அலபாமா, மயாமி. அக்டோபர் 12 பட்டியலின் முதல் 9 அணிகளோ ஒன்று விடாமல் உள்ளே போயின. வாக்காளர்கள் அதே ஆட்கள், கையில் இருந்த ஆதாரம்தான் வேறு. ஆறு வார ஆட்டம் ஊகத்தை அப்படிக் கழுவிவிடும், ஆனால் முழுசாகக் கழுவாது.

ஒரு வருடத்தை வைத்து ரொம்பவும் நம்பிவிடவும் கூடாது. 2014இல் தேர்வுக் குழு தன் முதல் பட்டியலை அக்டோபர் 28 அன்று வெளியிட்டபோது மிசிசிப்பி ஸ்டேட் முதலிடம், ஆபர்ன் மூன்றாமிடம், ஓல் மிஸ் நான்காமிடம். மூன்றில் ஒன்றுகூட பிளேஆஃபுக்குப் போகவில்லை. அன்று 16ஆம் இடத்தில் இருந்தது ஒஹையோ ஸ்டேட், செப்டம்பரில் சொந்த மைதானத்தில் வர்ஜீனியா டெக்கிடம் 35-21 என்று தோற்ற அணி. ஜனவரியில் கோப்பையைத் தூக்கியது அந்த அணிதான்.

பாதி சீசனில் எதைப் பார்க்க வேண்டும்

1. வென்ற எதிரியின் இன்றைய நிலை. ஆடிய நாளில் அதற்கு என்ன எண் இருந்தது என்பதைப் பார்க்காதீர்கள், அதற்குப் பிறகு அது என்ன செய்தது என்று பாருங்கள். வர்ணனையாளர்கள் ஸ்ட்ரெங்த் ஆஃப் ஷெட்யூல் என்று சொல்வது, எதிரிகள் எவ்வளவு கடினம் என்ற இந்தக் கணக்கைத்தான். இது வாரத்துக்கு வாரம் மாறும். 2025இல் அலபாமா முதல் ஆட்டத்தில் புளோரிடா ஸ்டேட்டிடம் 31-17 என்று தோற்றது. செப்டம்பரில் புளோரிடா ஸ்டேட் 7ஆம் இடம்வரை வந்தபோது அது மன்னிக்கத்தக்க தோல்வியாகத் தெரிந்தது. அதே அணி சீசனை 5-7 என்று முடித்தபோது அது அலபாமாவின் மேல் கறையாகிவிட்டது. அலபாமா அதற்காகக் கூடுதலாக எதையும் செய்யவில்லை, ஆனாலும் அந்தத் தோல்வியின் எடை மாறிவிட்டது. நியாயமான கணக்கு என்றால் அப்படித்தான் மாற வேண்டும்.

2. எங்கே ஆடினார்கள். ஒரு லட்சம் பேர் கத்தும் மைதானத்தில் எதிரணியின் குவார்ட்டர்பேக் சொல்வது பக்கத்தில் நிற்கிற வீரனுக்கே கேட்காது. அலபாமா செப்டம்பர் 27 அன்று ஜார்ஜியாவுக்கே போய் 24-21 என்று வென்றதை என் கணக்கில் சொந்த ஊரில் வாங்கிய இரண்டு சாதாரண வெற்றிகளுக்குச் சமமாக வைப்பேன்.

3. பொது எதிரி. இரண்டு அணிகள் மோதவில்லை, ஆனால் இருவரும் மூன்றாவது ஒரு அணியோடு ஆடியிருக்கிறார்கள் என்றால் அது பயனுள்ள தடயம். தடயம் மட்டும்தான், தீர்ப்பு கிடையாது.

4. தோல்வி எப்போது வந்தது என்பதை மறந்துவிடுங்கள். ஆகஸ்டில் தோற்றவர்கள் அக்டோபருக்குள் பழைய இடத்துக்கு ஏறிவிடுகிறார்கள், அக்டோபர் கடைசியில் தோற்றவர்களுக்கு ஏற நேரம் இருப்பதில்லை. இரண்டும் ஒரு தோல்விதான், தேதியை வைத்துத் தண்டனையைக் கூட்டிக் குறைப்பது அநியாயம்.

5. புள்ளி வித்தியாசம். கொஞ்சம் பார்க்கலாம். பலவீனமான அணியை 70-0 என்று அடித்தால் அதிலிருந்து தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. பலமான அணியை 30 புள்ளியில் அடித்தால் இருக்கிறது.

அக்டோபர் 12: இண்டியானாவா, ஒஹையோ ஸ்டேட்டா

இந்த விதிகளை வைத்து ஒரு உண்மையான வாரத்தை எடுத்துப் பார்ப்போம். அக்டோபர் 11 சனிக்கிழமை ஆட்டங்கள் முடிந்தபின் ஏபி சொன்னது: ஒஹையோ ஸ்டேட் 1, மயாமி 2, இண்டியானா 3.

என் பட்டியலில் அன்று இண்டியானா 1.

ஒஹையோ ஸ்டேட்டின் பக்கம் இருந்த வாதம் லேசானதில்லை. 6-0. ஆறு ஆட்டத்தில் விட்டுக்கொடுத்தது மொத்தமே 41 புள்ளி, ஒரு ஆட்டத்துக்கு 7கூட வரவில்லை. நாட்டின் சிறந்த தடுப்பாட்டம் அதுதான் என்று யாரும் சொல்லலாம், நானும் சொல்வேன். ஆனால் அந்த இடம் எதன்மேல் நின்றது? முதல் வாரத்தில் முதலிடத்து டெக்சாஸை 14-7 என்று வென்றதன்மேல். அந்த ஆட்டம் ஒஹையோவின் சொந்த மைதானத்தில் நடந்தது. டெக்சாஸ் அக்டோபர் 4 அன்று புளோரிடாவிடமும் தோற்று, முதலிடத்து அணி என்ற பட்டம் பொய்யென்று காட்டிவிட்டது.

இண்டியானா அக்டோபர் 11 அன்று செய்தது வேறு வகை. 3ஆம் இடத்து ஓரிகனின் ஊரான யூஜீனுக்கே போய் 30-20. ஓரிகனின் எண்ணில் ஊதல் இருந்தது என்று மேலே நானே சொன்னேன். ஆனால் அந்த அணி அதற்குப் பிறகு வழக்கமான சீசனில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் 11-1 என்று முடித்தது, ஆகவே அணி பலமானதுதான், பென் ஸ்டேட் வெற்றிக்குக் கொடுத்த விலைதான் அதிகம்.

பொது எதிரி இல்லினாய். இண்டியானா சொந்த ஊரில் 63-10, ஒஹையோ ஸ்டேட் இல்லினாயின் மைதானத்தில் 34-16. வெளியூர் என்பதற்கு ஒஹையோவுக்குச் சலுகை கொடுத்தாலும் 53 புள்ளிக்கும் 18 புள்ளிக்கும் இடையே உள்ள தூரத்தை அது அடைக்காது.

இண்டியானாவுக்கு எதிராகவும் சொல்ல இருக்கிறது. அயோவாவில் 20-15 என்று தப்பிப் பிழைத்தார்கள். கான்பரன்ஸுக்கு வெளியே பலமான அணி ஒன்றையும் சந்திக்கவில்லை. இருந்தாலும் அவர்களைப் பலர் கீழே வைத்ததற்குக் காரணம் இவை இல்லை, பெயர்தான் என்பது என் உறுதியான எண்ணம். 2023இல் 3-9 என்று இருந்த அணி அது. அப்புறம் கர்ட் சிக்னெட்டி பயிற்சியாளராக வந்து 2024இல் வழக்கமான சீசனை 11-1 ஆக்கியபோதும் அது ஒருமுறை அடித்த அதிர்ஷ்டம் என்று பேசினார்கள். 2025 ஆகஸ்டில் 20ஆம் இடம்தான் கொடுத்தார்கள். 20இல் தொடங்கியவர் 3க்கு வர ஆறு வெற்றி தேவைப்பட்டது, 3இல் தொடங்கியவர் 1க்கு வர மேலே இருந்த இருவரும் தோற்றாலே போதும்.

டிசம்பர் 6 அன்று இரண்டும் மோதியபோது இண்டியானா 13-10 என்று வென்றது. ஜனவரியில் மயாமியை 27-21 என்று வென்று 16-0 என்று சாம்பியனானது. இதனால் அக்டோபரில் நான் போட்ட வரிசை நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரு ஃபீல்ட் கோல் (பந்தை உதைத்து எடுக்கும் 3 புள்ளி) வித்தியாசம் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் விழுந்திருக்கும், விழுந்திருந்தாலும் அக்டோபர் 12 அன்று கையில் இருந்த ஆதாரத்துக்கு அதே வரிசைதான் சரி.

நேருக்கு நேர் வென்றவர் கீழே இருக்கலாமா

2025இல் அதிகம் பேரைக் கொதிக்கவைத்தது மயாமி, நோட்டர் டேம் விவகாரம். ஆகஸ்ட் 31 அன்று மயாமி 27-24 என்று நோட்டர் டேமை வென்றது. பிறகு மயாமி லூயிவிலிடமும் எஸ்எம்யூவிடமும் தோற்றது. நோட்டர் டேம் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மிடம் 41-40 என்று இன்னொன்று தோற்றுவிட்டு அப்புறம் எல்லாவற்றையும் ஜெயித்தது. இரண்டும் 10-2 என்று முடித்தன.

நவம்பர் 4 அன்று வந்த குழுவின் முதல் பட்டியலில் நோட்டர் டேம் 10, மயாமி 18. வாரங்கள் போயும் மயாமி பின்னாலேயே இருந்தது. இரண்டு அணிகளும் பட்டியலில் அக்கம்பக்கமாக வராதவரை நேருக்கு நேர் முடிவுக்குப் பெரிய எடை கிடைக்காது என்பதுதான் அப்போது கேட்ட விளக்கம். கடைசிக்கு முந்தைய பட்டியலில் நோட்டர் டேம் 10, பிஒய்யூ 11, மயாமி 12. டிசம்பர் 6 அன்று பிஒய்யூ டெக்சாஸ் டெக்கிடம் 34-7 என்று தோற்றுக் கீழே இறங்கியதும் நடுவே இருந்த தடுப்பு போய்விட்டது. மறுநாள் மயாமி 10, நோட்டர் டேம் 11. அந்த வார இறுதியில் இருவருமே ஆடவில்லை, மைதானத்தில் எதுவும் மாறவில்லை, ஆனால் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே.

முடிவு சரி, போன வழிதான் தப்பு. இரண்டு அணிகளின் கணக்கும் ஏறக்குறைய ஒன்று என்றால் ஆகஸ்ட் 31இன் ஸ்கோர் நவம்பர் 4 அன்றே முதல் ஆதாரமாக மேசைமேல் வந்திருக்க வேண்டும். நடுவில் மூன்றாவது ஒரு அணி நிற்கிறது என்பதற்காக நடந்த ஆட்டம் நடக்காததாகிவிடாது. நோட்டர் டேம் வீரர்கள் ஐந்து வாரம் உள்ளே இருப்பதாக நம்பிவிட்டுக் கடைசி நாளில் வெளியே போனதும் இதே தவறின் இன்னொரு பக்கம்தான்.

உள்ளே போன மயாமி, டெக்சாஸ் ஏ அண்ட் எம், ஒஹையோ ஸ்டேட், ஓல் மிஸ் மூன்றையும் வென்று இறுதி ஆட்டம்வரை சென்றது.

இதனால் என்ன மாறுகிறது

2024இலிருந்து பிளேஆஃபுக்கு 12 இடம். 2024, 2025 சீசன்களில் தரவரிசையில் உயர்ந்த ஐந்து கான்பரன்ஸ் சாம்பியன்களுக்கு இடம் நிச்சயமாக இருந்தது, மீதி 7 இடம் பட்டியல்படி. 2025இல் பட்டியலின் முதல் நான்கு அணிகளுக்கு முதல் சுற்றில் ஓய்வு. 5 முதல் 8 வரை உள்ளவர்கள் முதல் சுற்றைத் தங்கள் மைதானத்திலேயே நடத்துவார்கள், டிசம்பர் குளிரில் அது பெரிய லாபம்.

பாதி சீசனில் 1ஆ 2ஆ என்ற சண்டைக்கு இப்போது முன்புபோல் எடை இல்லை, இருவருமே எப்படியும் உள்ளே. உண்மையில் அடிபடுகிறவர்கள் 9 முதல் 14 வரை நிற்பவர்கள். சிறிய கான்பரன்ஸ்களுக்கும் நிச்சய இடம் உண்டு என்பதால் பட்டியலில் 11, 12 என்று இருந்தாலும் வெளியே போகலாம். 2025இல் டுலேனும் ஜேம்ஸ் மேடிசனும் சாம்பியன்களாக உள்ளே வர, 11இல் இருந்த நோட்டர் டேமும் 12இல் இருந்த பிஒய்யூவும் வெளியே நின்றன.

இன்னொரு விளைவு அட்டவணையில் தெரியும். டெக்சாஸ் 9-3 என்று முடித்து 13ஆம் இடத்தில் வெளியே நின்றது. மூன்று தோல்விகளில் ஒன்று ஒஹையோ ஸ்டேட்டின் மைதானத்தில் 14-7. அந்த ஆட்டத்துக்குப் பதிலாக யாரோ ஒரு சின்ன அணியை வரவழைத்து 50 புள்ளியில் ஜெயித்திருந்தால் 10-2. பல்கலைக்கழகங்களில் அட்டவணை போடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்காமல் இருக்க மாட்டார்கள். டெக்சாஸ் ஆடும் எஸ்இசி கான்பரன்ஸ் 2026இலிருந்து உள்ளுக்குள் 8க்குப் பதில் 9 ஆட்டம் ஆடப்போகிறது, ஆக ஏற்கெனவே அடித்துக்கொள்ளும் அணிகள் இன்னும் கொஞ்சம் அடித்துக்கொள்ளும், 9-3 என்ற கணக்கோடு டிசம்பருக்கு வரும் பலமான அணிகளும் கூடும். அவர்களை, எளிய அட்டவணையில் 11-1 என்று வருகிறவர்களோடு பக்கத்தில் வைத்து எடைபோடும் வேலை குழுவுக்கு அக்டோபரிலேயே தொடங்கிவிடும்.